உபரி அப்பா

வருகைத் துறையின் தாவுபொறி இதுவரை ஒரு பிழையும் செய்ததில்லை. இதைத் துறையே சொல்லியிருக்கிறது. சொன்னதோடு நில்லாமல், வருகைக் கூடத்தின் நான்கு சுவர்களிலும் 'பொறி பிழையாது' என்று பெரிதாக எழுதியும் வைத்திருக்கிறது. கழிப்பறைக் கதவில் மட்டும் 'பழுது' என்று ஓர் அட்டை தொங்கும். கழிப்பறை பொறி அல்ல என்பதால் அதில் முரண்பாடு எதுவும் இல்லை.

பழைய ஊர் ஒரு சூரியனின் கீழும், புது ஊர் இன்னொரு சூரியனின் கீழும் இருந்தன. கப்பலில் வந்தால் பேரப்பிள்ளைகள்தான் வந்து இறங்குவார்கள். அதனால் தாவுபொறி. அது ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு கண்ணாடி அறை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் போதும். பொறி ஆளை அணு அணுவாகப் படித்து, அந்தப் பக்கத்தில் அப்படியே நிறுத்திவிடும். கதவு சாத்தப்படுவதுதான் அதற்கு உத்தரவு. அதைச் செய்த விஞ்ஞானிகள் ஒரு கதவை ஒரே முறை சாத்திவிட்டு நிம்மதியாகப் போகிற மனிதர்கள். அவர்களுக்கு அப்பாவைத் தெரியாது.

அப்பா எந்தக் கதவையும் ஒரு முறை சாத்தி நம்பியதில்லை. வீட்டைப் பூட்டுவார், தெருமுனை வரை வருவார், திரும்பிப் போய்ப் பூட்டைப் பிடித்துத் தொங்குவார். அம்மா தெருமுனையில் காத்திருப்பாள். கல்யாணமானதிலிருந்து அவள் வாழ்க்கையில் ஒரு பங்கு அந்தத் தெருமுனையில் கழிந்திருந்தது.

அன்று முதலில் அம்மா தாவினாள். அடுத்துப் பாப்பா. பாப்பாவுக்குப் பதினாறு வயது. அந்தப் பெயரை விட்டுவிடும்படி பல முறை மனு கொடுத்தும் வீட்டில் ஏற்கப்படவில்லை. கடைசியாக அப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, பொறி படித்து முடிப்பதற்குள், சாத்தியாயிற்றா என்று இன்னொரு முறை இழுத்துச் சாத்திப் பார்த்தார்.

புது ஊர்க் கூடத்தில் அப்பா வந்து நின்றார். "அப்பாடா" என்றாள் அம்மா.

அப்பா இன்னொரு முறையும் வந்து நின்றார்.

"பை எல்லாம் வந்துடுச்சா?" என்று இரண்டு அப்பாக்களும் ஒரே குரலில் கேட்டார்கள்.

அம்மா பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "ஆண்டவனே, புது ஊர்ல கைக்கு ஒத்தாசையா ஒரு ஆளைக் குடுன்னு வேண்டிக்கிட்டேன், இல்லேங்கல. அதுக்குன்னு இவரையேவா?"

முகப்பில் முத்திரைக்காரர் இருந்தார். மெலிந்த மனிதர். முத்திரை களவு போகாமல் இருக்க, துறை அதை அவர் மணிக்கட்டோடு கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

"குடும்பத்துல எத்தனை பேர்?"

"மூணு," என்ற அம்மா திரும்பிப் பார்த்தாள். "இல்ல, நாலு. மூணுதான் சார். ஆனா நாலு."

"'ஆனா'வுக்கு இங்க இடம் இல்லம்மா. இவர் யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"அவர்?"

"அவரும் என் வீட்டுக்காரர்."

வரிசையில் பின்னால் நின்ற ஒரு மாமி தன் கணவரின் கண்ணைப் பொத்தினாள்.

முத்திரைக்காரர் திரையைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். "மூணு பேர்தான் வந்திருக்கீங்க. பொறி பிழையாது. அதனால இவர் வரல."

"வந்திருக்கேனே சார்," என்றார் இரண்டாவது அப்பா பணிவாக.

"வந்திருக்கலாம். ஆளா வரல. ஆளுங்க மூணு. மிச்சம் எது இருந்தாலும் அது சாமான்." இரண்டாவது அப்பாவின் கையில் ஒரு அட்டையைக் கட்டினார். 'உபரி' என்றிருந்தது. "சாமான் தானா நடந்து இந்தக் கூடத்தை விட்டு வெளிய போகக்கூடாது. தூக்கிட்டுப் போங்க."

கிளம்பும்போது இரண்டு அப்பாக்களும், "நீங்க சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. அது லஞ்சமா என்று முத்திரைக்காரர் விதிப்புத்தகத்தில் தேடிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. "இல்ல, இனிமேதான்," என்றார் மெதுவாக.

அப்பா அப்பாவை முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

"கனமா இருக்கேனா?"

"சேச்சே. நல்லாப் பிடிச்சுக்குங்க."

"கொஞ்ச தூரம் நான் வேணா உங்களைத் தூக்கட்டுமா?"

"சாமான் ஆளைத் தூக்கலாமான்னு கேக்காம வந்துட்டோமே."

இருவரும் ஒருவரையொருவர் 'நீங்க' என்றே பேசிக்கொண்டார்கள். முன்பின் பழகாத மனிதரை எடுத்த எடுப்பில் 'நீ' என்று சொல்ல அப்பாவுக்கு மனம் வரவில்லை.

ஐந்தாவது மாடியில் வீடு கொடுத்திருந்தார்கள். கதவு பேசும் கதவு. "மூவர் வந்தனர். ஒரு சாமான் வந்தது. சாமானைக் கட்டிலுக்கு அடியில் வைக்கவும்," என்றது.

முறை வைத்துக் கூப்பிடுவதில் முதல் சிக்கல் வந்தது. பாப்பா யோசித்துச் சொன்னாள்: "ரெண்டாவதா வந்தவர் சின்னவர்தானே? அப்போ அவர் சித்தப்பா."

"வாயை மூடுடி. அவர் உனக்குச் சித்தப்பான்னா எனக்கு யாரு?"

"கொழுந்தனார்."

அம்மா கரண்டியை எடுத்தாள். பாப்பா குளியலறைக்குள் ஓடிவிட்டாள். உள்ளேயிருந்து, "சரி, அவரை அப்பான்னு வச்சுக்கலாம். முதல்ல வந்தவரைப் பெரியப்பான்னு கூப்பிடறேன்!" என்றாள். இரண்டு அப்பாக்களும் இதை நடுநிலையோடு பரிசீலித்தார்கள். கடைசியில் அம்மாவே தீர்ப்புச் சொன்னாள். "யாரும் யாரையும் எதுவும் கூப்பிட வேணாம். ஒரு முடிவு தெரியற வரைக்கும் ரெண்டு பேரும் ஹால்ல படுங்க."

அப்பாக்கள் ஹாலில் படுத்தார்கள். ஒருவர் எழுந்து போய் வாசல் கதவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்தவர் எழுந்தார். "நான் பாத்துட்டேங்க," என்றார் முதலாமவர். "தெரியும். இருந்தாலும்..." என்று இவர் போனார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, தலையணையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு நன்மையும் இருந்தது. அப்பாவிடம் ஒரு நகைச்சுவைக் கதை உண்டு. அதற்கு வீட்டில் யாரும் சிரித்து நீண்ட காலமாகிறது. இப்போது ஒருவர் சொன்னால் மற்றவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இதை இதுக்கு முன்னாடி யாரும் இவ்வளவு நல்லாச் சொல்லிக் கேட்டதில்லைங்க," என்று பாராட்டினார்.

பாப்பாவுக்குத்தான் கஷ்டம். ஒரு அப்பாவே பள்ளி வாசலில் நின்று "பாப்பா!" என்று கத்துகிறவர். இப்போது சாலையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை, "வகுப்பில் உங்க பொண்ணு வாயே திறக்கறதில்ல," என்றபோது, வலது காதிலும் இடது காதிலும் ஒரே நேரத்தில், "வீட்டுல நல்லாப் பேசுவா மேடம்," என்று கேட்டது. ஆசிரியை தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டார்.

அவள் வாய் திறக்காததற்குக் காரணம் உண்டு. புது ஊரில் எடை கொஞ்சம் குறைவு. அங்கேயே பிறந்தவர்கள் வழுக்கிக்கொண்டு போவது போல நடப்பார்கள். புதிதாக வந்தவர்களுக்கு ஒவ்வொரு அடிக்கும் உடம்பு துள்ளும். வகுப்பில் பாப்பாவுக்குத் 'துள்ளி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள்.

அதற்குள் அப்பாக்களுக்குள் சிறு வித்தியாசம் வந்திருந்தது. முதல் அப்பாவுக்கு ஒரு சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைப் பிரித்துப் போடும் வேலை. அவர் மேல் எப்போதும் சோப்பு வாசனை. சாமான் வேலைக்குப் போகக் கூடாது என்பதால் இரண்டாவது அப்பா வீட்டிலேயே இருந்தார். குழாய் ரிப்பேர் செய்தார், குழம்பைக் கெடுத்தார், சீட்டியடிக்கக் கற்றுக்கொண்டார்.

ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்த பாப்பாவின் முகத்தையும், தேய்த்துத் தேய்த்து வந்த காலையும் அவர் பார்த்தார். சமையலறையிலிருந்து இரண்டு இரும்பு வாணலிகளை எடுத்து, உடம்பு துள்ளாமல் இருக்கக் கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு, நடைவழியில் வழுக்கி நடக்கப் பழகினார். மூன்றாவது அடியில் துள்ளிக் கூரையில் இடித்துக்கொண்டார். வாணலிகள் ஐந்து மாடிக்கும் கேட்கும்படி விழுந்தன.

"என்னப்பா பண்றீங்க?"

"நடக்கப் பழகறேம்மா. எனக்கு யாரு இருக்கா சொல்லிக் குடுக்க? நீயாவது வாயேன். ஆளுக்கொரு வாணலி."

அவர் இன்னும் பல முறை விழுந்தார். அத்தனையும் தற்செயலாக விழுந்தவை அல்ல என்று பாப்பா கண்டுபிடித்தபோது அவளுக்கு வயிறு வலிக்கும் வரை சிரிப்பு வந்தது. ஒரு மனிதர் இன்னொருவருக்காக வேண்டுமென்றே விழுவதைவிடப் பெரிய உபகாரம் உலகத்தில் அதிகம் இல்லை. அந்த வாரத்துக்குள் பாப்பா வழுக்கி நடந்தாள். வகுப்பிலும் வாய் திறந்தாள்.

அப்போதுதான் ஒரு காலை கதவு பேசியது. "உங்கள் சாமான் தொடர்பாக நாளை அசல் அறியும் விசாரணை. நகல் என்று தெரியவருவது கழிக்கப்படும். குடும்பத்துடன் மகிழ்ச்சியாக வருக."

"கழிக்கறதுன்னா?" என்றாள் பாப்பா.

கதவு சொன்னது: "பொறிக்குள் அனுப்பப்படும். மறுபக்கம் வராது."

வருகைக் கூடம் நிறைந்திருந்தது. வரிசை வரிசையாகக் குடும்பங்கள், பெட்டிகள், தூங்கும் பிள்ளைகள். வரிசை எண் வாங்குவதற்கும் ஒரு வரிசை எண் வாங்க வேண்டும் என்பதால் பலர் முதல் எண்ணுக்காகவே வந்திருந்தார்கள். மணி அடித்ததும் ஊழியர்கள் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, "நாம் சரி, நாம் சரி, நாம் சரி," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். பிறகு இயக்குநர் வந்தார். மேடையில் அவருக்கு ஒரு நாற்காலியும், அவர் தொப்பிக்கு ஒரு நாற்காலியும் போடப்பட்டிருந்தன.

"அன்பர்களே," என்று தொடங்கினார். "எங்கள் துறையைப் போல இரக்கம் உள்ள துறை வேறு இல்லை. இரக்கத்துக்கென்றே தனி அலமாரி வைத்திருக்கிறோம். சாவிதான் கிடைக்கவில்லை. கழித்தலைப் பற்றிச் சிலர் அஞ்சுகிறார்கள். அது வலிக்கவே வலிக்காது. இதுவரை கழிக்கப்பட்டவர்களில் ஒருவர்கூடப் புகார் கொடுத்ததில்லை. இதைவிட நற்சான்று என்ன வேண்டும்?"

ஊழியர்கள் கைதட்டினார்கள்.

முதல் சோதனை எடை. இரண்டு அப்பாக்களும் ஒரே எடை. ஒருவர் கொஞ்சம் கூடுதலாக இருந்தார். அவர் டீ குடித்திருந்தார். மற்றவருக்கும் டீ கொடுத்துச் சமமாக்கினார்கள்.

இரண்டாவது சோதனை நினைவு. "திருமணம் முடிந்ததும் மனைவியிடம் நீங்கள் பேசிய முதல் வார்த்தை?"

"பை எல்லாம் வந்துடுச்சான்னு கேட்டேன்," என்றார்கள் இருவரும்.

இயக்குநர் அம்மாவைப் பார்த்தார். அம்மா வருத்தத்தோடு தலையாட்டினாள்.

மூன்றாவது சோதனைக்கு இயக்குநர் எழுந்து நின்றார். "அசல் யாரோ அவர் தன் இடத்துக்காகப் போராடுவார். அடுத்தவரைத் தள்ளுவார், பழி சொல்லுவார், தேவைப்பட்டால் கடிப்பார். நாங்கள் எல்லோரும் இந்தத் துறையில் அப்படித்தான் இடம் பிடித்தோம். ஆகவே கேட்கிறேன். உங்களில் யார் அசல்?"

"அவர்தான் சார்," என்றார்கள் இருவரும், ஒருவரையொருவர் காட்டி.

"என்ன நீங்க," என்றார் இரண்டாவது அப்பா. "வேலைக்குப் போறது நீங்க. நீங்க இல்லேன்னா வீடு எப்படி நடக்கும்?"

"அட, பாப்பா யாரைப் பாத்துச் சிரிக்கறா? அதைச் சொல்லுங்க முதல்ல."

"நான் நகல்ங்க. ரெண்டாவதா வந்தவன்."

"சும்மா இருங்க. கண்ணாடியில பாத்தாலே தெரியுது, நான்தான் நகல் மாதிரி இருக்கேன்."

"இங்க வந்தும் பிடிவாதமா?"

"அது உங்ககிட்டேயிருந்து வந்ததுதானே!"

இயக்குநர் திகைத்தார். இடம் எனக்கே என்று சொல்பவர் அழுத்துவதற்கு மேசையில் ஒரு பச்சைப் பொத்தான் இருந்தது. உங்களுக்கே இருக்கட்டும் என்று சொல்பவருக்கு எந்தப் பொத்தானும் இல்லை. துறையின் வரலாற்றில் அதற்குத் தேவை வந்ததே இல்லை.

"கடைசிச் சோதனை!" என்று மேசையைத் தட்டினார். "குரல் சோதனை. இருவரும் பொறியைப் பார்த்து, முதுகைக் காட்டி நிற்க வேண்டும். மகள் பின்னாலிருந்து ஒரு முறை 'அப்பா' என்று அழைப்பாள். உணர்ச்சி கலவாமல், நடுத்தர ஒலியில். திரும்புபவர் அசல். அசலைக் கழிக்க முடியாது. திரும்பாதது நகல். மேல்முறையீடு இல்லை, ஏனென்றால் இந்த விதியை எழுதியவன் நானே."

"ரெண்டு பேரும் திரும்பலேன்னா?" என்று கேட்டாள் பாப்பா.

"இரண்டும் கழியும். கணக்கு சுத்தம்."

பாப்பாவை மேடையின் மறு கோடியில் நிறுத்தினார்கள். பொறியின் கண்ணாடிக் கதவு திறந்தது. இரண்டு அப்பாக்களும் அதன் முன்னால் தோளோடு தோள் நின்றார்கள். அவள் அவர்கள் முதுகைப் பார்த்தாள். இரண்டு கழுத்துகளும் விறைத்திருந்தன. நான்கு கைகளும் இறுக மூடியிருந்தன. தடுப்பூசி போடும்போது அப்பா நிற்கிற நிலை அது. அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மற்றவர் பிழைக்கட்டும் என்று, திரும்பவே கூடாது என்ற முடிவோடு இரண்டு பேருமே நின்றிருந்தார்கள். அப்பா ஒருவர் முடிவெடுத்தாலே மாற்ற முடியாது. இங்கே ஒரே முடிவை இரண்டு பேர் எடுத்திருந்தார்கள்.

"அம்மா..." என்றாள் பாப்பா தவித்து.

அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "கூப்பிடும்மா. அவங்க என்ன நினைச்சிருந்தாலும் சரி, நீ கூப்பிடு."

இயக்குநர் கையை உயர்த்தினார். "நடுத்தர ஒலியில்!"

பாப்பாவுக்கு நடுத்தர ஒலி மறந்துபோயிற்று. பொறிக்குள் விளக்கு எரிந்தது. சோப்பு வாசனையும் வாணலியும் நினைவுக்கு வந்தன. இருட்டில் விழித்துக்கொண்ட சின்னக் குழந்தையைப் போல, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"அப்பா!"

இரண்டு அப்பாக்களும் திரும்பினார்கள்.

அவர்கள் மட்டுமல்ல. வரிசையில் நின்ற ஆண்களில் பிள்ளை பெற்றவர் அத்தனை பேரும் திரும்பினார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். பொறிக்குக் காவல் நின்றவன் தடியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினான். மூலையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவர் விழித்துத் திரும்பினார். அவர் மகளுக்கே பேத்தி இருந்தாள். முகப்பில் முத்திரைக்காரர் திரும்பிய வேகத்தில் கயிறு அறுந்தது. கூடம் முழுவதும் ஒரே குரலில் கேட்டது:

"என்னம்மா?"



"மன்னிச்சுக்குங்க," என்றார் இரண்டாவது அப்பா பக்கத்தில் இருந்தவரிடம் தாழ்ந்த குரலில். "தன்னால திரும்பிடுச்சு."

"எனக்கும்தாங்க."

"செல்லாது!" என்று இயக்குநர் அலறினார். "இந்தச் சோதனை செல்லாது!"

முத்திரைக்காரர் மேடைக்கு வந்தார். 'அசல்' என்ற முத்திரையைத் துடைத்து, மையில் ஒற்றி, முதல் அப்பாவின் கையில் ஒன்று, இரண்டாவது அப்பாவின் கையில் ஒன்று குத்தினார். உபரி அட்டையை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காவலன் கையில் குத்தினார். அடுத்து வரிசைக்குப் போய், நீட்டிய கைகளிலெல்லாம் குத்தினார். கடைசியில் தன் கையிலும் குத்திக்கொண்டு, இயக்குநர் முன்னால் வந்து நின்றார்.

"கையைக் குடுங்க சார்."

"எனக்கு எதுக்குய்யா?"

"நீங்களும் திரும்பினீங்க சார். நான் பாத்தேன்."

"நான்... சத்தம் கேட்டுத் திரும்பினேன்."

"எல்லாரும் அதுக்குத்தான் சார் திரும்பினாங்க."

இயக்குநர் தொப்பியின் நாற்காலியில், தொப்பியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அம்மா அவரிடம் போனாள். "வீட்டுல பொண்ணு இருக்காங்களா சார்?"

"இருக்கா. ஆபீஸ் நேரத்துல கூப்பிடுவா. நான் எடுக்கறதில்ல."

"திரும்பினது தப்பே இல்லீங்க," என்றாள் அம்மா. அந்தக் கூடத்தில் அன்று வரை ஓர் அதிகாரிக்குக் கிடைத்த முதல் மன்னிப்பு அது. அவர் மெல்லக் கையை நீட்டினார். முத்திரைக்காரர் நோகாமல் குத்தினார். சட்டப்படி பொறியும் பிழை செய்யவில்லை, யாரும் கழியவும் இல்லை. அசல்கள்தான் கொஞ்சம் அதிகமாக இருந்தன.

முதல் அப்பா பாப்பாவைப் பார்த்தார். இரண்டாவது அப்பாவும் பார்த்தார். கூப்பிட்ட பிள்ளை இன்னும் பதில் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. கூடமே அவள் பக்கம் காதைக் கொடுத்து நின்றது.

"என்னம்மா? சொல்லு."

பாப்பாவுக்கு மூக்கு ஒழுகியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"வீட்டுக்குப் போலாம்பா."

உடனே கூடம் முழுவதும் பெட்டிகளை எடுத்தது. கிழவர் செருப்பைத் தேடினார். காவலன் பொறியின் விளக்கை அணைத்தான். நசுங்கிய தொப்பியை மறந்துவிட்டு, இயக்குநரும் எழுந்து தன் குடையைத் தேட ஆரம்பித்தார்.